மேசைக்கு அடியில் ஒரு பச்சைப் பை

அத்தியாயம் 14

ஹல்வர் ஆறு மணிக்கு எழுந்தான். காபி இயந்திரத்தில் தண்ணீர் ஊற்றினான். நான்கு கரண்டி தூள் போட்டான். ரொட்டியை எட்டுத் துண்டாக வெட்டினான். நான்கில் பழுப்புச் சீஸ், நான்கில் ஈரல் விழுது. துண்டுகளுக்கு நடுவே எண்ணெய்த்தாள் வைத்து இரண்டு பொட்டலம் கட்டினான். ஜன்னலைத் திறந்தான். மழை. மூடினான். ஆறரைக்கு மகளை எழுப்பினான். ஏழு மணிக்கு மறுபடியும் எழுப்பினான்.

சனிக்கிழமை என்பதால் வேலை இல்லை. நகராட்சியில் குடிநீர்ப் பொறியாளர் அவன். முப்பத்தைந்து வயது. மனைவி சுன்னிவா இறந்து ஒன்றரை வருடம். தலைக்குள் ரத்தக் குழாய் வெடித்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதன் பிறகு ஹல்வர் எதையும் தவறவிட்டதில்லை. பல் மருத்துவர், துவைக்கும் நாள், பள்ளிக் கூட்டம், எல்லாம் நேரத்துக்கு நடந்தது. அவற்றில் எதிலும் தான் இருப்பதாக மட்டும் அவனுக்குத் தோன்றவில்லை.

மூன்று வாரத்துக்கு முன் ஒன்று நடந்தது. பன்னிரண்டு வயது தீரில், யாரையும் கேட்காமல், மலைநடைச் சங்கத்தின் பட்டியலில் தன் பெயரைத் தானே எழுதிவிட்டு வந்தாள். ட்ரோல்ஹைமன் மலையில் நான்கு நாள் நடை, மூன்று குடில்களில் இரவு. வரும் புதன்கிழமை புறப்பாடு. அம்மா போன பிறகு அவள் ஒன்று வேண்டும் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

திங்கள் மாலை பை சோதனை. முதுகுக்குப் பொருந்தாத பையோடு வரும் பிள்ளையைக் கூட்டிப்போக மாட்டார்கள்.

மலைகள் சூழ்ந்த இந்தச் சுர்னதால் ஊரில் கூரை ஒழுகும் வீடு இருக்கலாம், முதுகுப்பை இல்லாத வீடு இருக்காது. இவர்கள் வீட்டில் இல்லை. ஹல்வர் கடலோரத் தீவிலிருந்து வந்தவன். படகு தெரியும், மலை தெரியாது. சுன்னிவாவுக்கு மலை பிடிக்காது. "மலைதானே? சமையலறை ஜன்னல்லயே நல்லாத் தெரியுது. இங்க காபியும் சூடா இருக்கு" என்பாள். அந்த ஊரில் அப்படிச் சொல்லத் தைரியம் வேண்டும். அவளுக்கு இருந்தது.

இரண்டு வாரமாகப் பை தேடினான். கடையில் நல்ல பை இரண்டாயிரத்து எண்ணூறு குரோனர். ஒற்றைச் சம்பளத்தில், அடுத்த வருடம் சின்னதாகிவிடும் பையை அந்த விலைக்கு வாங்க முடியாது. பேரங்காடியில் ஐந்நூறுக்கு ஒன்று வாங்கினான். பதினோரு பாக்கெட். அதில் ஏழு பால் பெட்டிகளை வைத்துத் தீரில் தெருமுனைவரை நடந்து திரும்பினாள். தோள் இரண்டும் சிவந்துவிட்டன.

சுன்னிவாவின் அக்கா சீக்ரி வந்து பார்த்தாள். அவள் தபால் வண்டி ஓட்டுபவள். வாரக் கடைசிகளில் மலையில்தான் குடியிருப்பு.

"மாப்ளே, இது பை இல்ல. பாக்கெட் வச்சுத் தெச்ச தண்டனை."

"அம்பது லிட்டர்னு போட்டிருந்துச்சுக்கா."

"லிட்டர் என்ன லிட்டர்? பால் வாங்கவா போறே? முதல்ல முதுகைப் பாரு. கழுத்துக்குப் பின்னாடி துருத்திக்கிட்டிருக்கே ஒரு எலும்பு, அங்கேர்ந்து இடுப்பெலும்பு வரைக்கும். அந்த நீளத்துக்குப் பை. பாரம் இடுப்புல உக்காரணும், தோள் சும்மா பிடிச்சுக்கணும். அதுவும் அவ எடையில அஞ்சுல ஒரு பங்கு, அதுக்கு மேல கூடாது. பாக்கெட் எத்தனைன்னு கடைசியா எண்ணிக்கலாம்."

தீரிலின் முதுகு நாற்பத்தொரு சென்டிமீட்டர். பேரங்காடிப் பை திரும்பப் போனது. இரவல் கேட்கலாம் என்றால், மற்ற ஒன்பது பிள்ளைகள் புறப்படுகிறார்கள். ஊரில் சின்ன முதுகுக்கு இருந்த பைகளெல்லாம் அந்த ஒன்பது முதுகுகளுக்குப் போய்விட்டன.

மிச்சம் இருந்தது பேண்டுச் சந்தைதான்.

வருடத்துக்கு ஒரு தடவை, பள்ளி பேண்டு வாத்தியக் குழுவுக்காக ஊர் முழுக்கப் பழைய பொருட்களைக் கொண்டுவந்து கொட்டும். உடற்பயிற்சிக் கூடத்தில் மேசை போட்டு விற்பார்கள். பெற்றோர் எல்லோரும் சம்பளமில்லாமல் வேலை செய்வார்கள். ஹல்வருக்கு விளையாட்டுச் சாமான் மேசை. தலைவி சீக்ரி. தீரில் குழுவில் பாரிட்டோன் என்ற பித்தளை ஊதுவாத்தியம் வாசிக்கிறாள்.

சந்தையில் ஒரே ஒரு விதி. வேலை செய்கிறவர்கள் எதையும் எடுத்து ஒதுக்கி வைக்கக் கூடாது. பத்து மணிக்குக் கதவு திறக்கும்; ஊர் வாங்கும். பன்னிரண்டுக்கு மேல்தான் வேலை செய்கிறவர்கள் வாங்கலாம். பதினேழு வருடத்துக்கு முன் ஒட்வார் என்பவர் ஒரு தோல் சோஃபாவைத் திரைக்குப் பின்னால் தள்ளி வைத்தார். அதன் பிறகு அவர் தேவாலயக் கணக்கைப் பத்து வருடம் பார்த்தார், ஆற்றில் விழுந்த இரண்டு பேரைக் காப்பாற்றினார். இன்றும் அவர் பெயர் சோஃபா ஒட்வார்.

வெள்ளி மாலை, சாமான் வந்து இறங்கும் நேரம். ஒரு பெட்டிக்குள் பச்சை நிறத்தில் பை இருந்தது. நாற்பத்தெட்டு லிட்டர். முதுகு நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம். இடுப்புப் பட்டை தடிமன். மழை உறைகூட மடித்தபடியே இருந்தது. ஒரு தடவைகூட மண்ணில் வைத்த பை மாதிரி தெரியவில்லை.

ஹல்வர் சுற்றிலும் பார்த்தான். யாரும் பார்க்கவில்லை. மேசைக்கு அடியில் தள்ளினான். மேலே ஒரு பெரிய பனிச்சறுக்கு ஜாக்கெட்டைப் போட்டான்.

*

காலை ஒன்பதரை. கூடத்தில் வாஃபிள் அப்பம் சுடும் வாசனையும் ஈர ரப்பர் பூட்ஸ் வாசனையும். வெளியே மழையில் வரிசை பள்ளி வாசலைத் தாண்டிவிட்டது.

தீரில் சீருடையில் வந்தாள். தொப்பி ஒரு பக்கம் சரிந்திருந்தது.

"அப்பா, இந்த வாத்தியப் பெட்டியை எங்க வைக்க?"

"மேல வை."

"மேல எங்க இடம்?" குனிந்து மேசைக்கு அடியில் தள்ளினாள். ஜாக்கெட்டுக்கு அடியில் பச்சை வார் ஒன்று தெரிந்தது. "இது யாரோடது?"

"உன்னோடது."

ஜாக்கெட்டை விலக்கினாள். பையை வெளியே இழுத்தாள். எல்லா வாரையும் தளர்த்தினாள். மேசையிலிருந்த மூன்று கிலோ டம்பெல் இரண்டை ஒரு கம்பளிச் சட்டையில் சுற்றி உள்ளே வைத்தாள். முதுகில் மாட்டி, முதலில் இடுப்புப் பட்டையை இறுக்கினாள். அப்புறம் தோள். கடைசியில் நெஞ்சு. கூடத்தின் மறு சுவர்வரை நடந்து திரும்பினாள்.

"தோள்ல ஒண்ணுமே தெரியலப்பா!" சிரித்தாள். பல் எல்லாம் தெரிய. "யாரோ பின்னாடி இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு வர்ற மாதிரி இருக்கு."

அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு நாள் என்று ஹல்வர் கணக்குப் போட்டான். வரவில்லை.

தீரில் வாரைக் கழற்றும்போது கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தாள். "விலைச் சீட்டு எங்க?"

"போடல."

"எப்போ எடுத்து வச்ச? ராத்திரியேவா?"

"சாயங்காலம்."

சாயங்காலம் என்றால் குற்றம் கொஞ்சம் குறைவு என்பது போல அவன் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது.

"சோஃபா ஒட்வார் மாதிரி."

"அது சோஃபாம்மா. இது ஒரு பை."

"அவரும் அப்படித்தான் சொல்லியிருப்பாரு. 'இது ஒரு சோஃபாதானே'ன்னு."

"பணம் குடுத்துத்தான் வாங்கப் போறேன். திருடல."

"திருடினேன்னு நான் சொல்லலையே."

"தீரில், கேளு. இது போச்சுன்னா திங்கட்கிழமை உனக்குப் பை இல்ல. புதன்கிழமை நீ போக முடியாது. புரியுதா?"

"புரியுது."

வெளியே யாரோ எக்காளத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். தீரில் வரிசை நின்ற பக்கம் திரும்பினாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் குடைகள்.

"எட்டு மணியிலேர்ந்து நனைஞ்சுக்கிட்டு நிக்கிறாங்கப்பா" என்றாள்.

பையிலிருந்து டம்பெல்லை எடுத்தாள். பையைத் தூக்கி மேசையின் மேல் வைத்தாள். பின்னால் இல்லை, முன்னால், கதவு திறந்ததும் கண்ணில் படும் இடத்தில்.

"பெரியம்மா! இதுக்கு விலை போடல!"

சீக்ரி வந்தாள். பையைப் பார்த்தாள். ஹல்வரைப் பார்த்தாள். தரையில் கிடந்த ஜாக்கெட்டையும் பார்த்தாள்.

"இது நேத்து என் கண்ணுல படலையே."

ஹல்வர் வாயைத் திறந்தான். தீரில் முந்திக்கொண்டாள்.

"பெரிய ஜாக்கெட்டுக்கு அடியில கெடந்துச்சு பெரியம்மா."

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. யாரையும் காட்டிக்கொடுக்கவும் இல்லை. சீக்ரி சீட்டில் முந்நூறு என்று எழுதி ஒட்டினாள். "போடி, தொப்பியை நேராப் போடு. வாசிக்கப் போற லட்சணமா இது?"

தீரில் வாத்தியத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

*

பத்து மணிக்குக் கதவு திறந்தது. வரிசையின் கடைசி ஆள் உள்ளே வரும்வரை பேண்டு வாசல் படியில் நின்று வாசிக்க வேண்டும். அதுவும் வழக்கம். ஆகவே தீரில் மழையில் வாசித்துக்கொண்டிருந்தாள்; ஹல்வர் உள்ளே பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டு மணிவரை தாக்குப் பிடித்தால் போதும்.

முதலில் ஒரு பெரிய ஆள் எடுத்தார். ஆறடிக்கு மேல். "எனக்கு எப்படி இருக்கும்?"

"உங்களுக்கா? கழுத்துல கட்டின கைக்குட்டை மாதிரி இருக்கும்" என்றான் ஹல்வர். உண்மையைத்தான் சொன்னான். அவர் மாட்டிப் பார்த்தார், தானே சிரித்தார், வைத்துவிட்டுப் போனார்.

அடுத்தது, பழைய சாமான் வாங்கி இணையத்தில் விற்கும் ஆள். தலையில் விளக்கோடு வந்திருந்தான். "இருநூறு?"

"முந்நூறு."

"இருநூத்து அம்பது. பேண்டுப் பிள்ளைங்களுக்காக."

"பேண்டுப் பிள்ளைங்களுக்காகத்தான் முந்நூறு."

அவன் பனிச்சறுக்குக் கட்டைப் பக்கம் போனான். மணி பதினொன்று. பதினொன்றேகால். தீரில் உள்ளே வந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பை இருந்த இடத்தைப் பார்த்தாள், அப்பாவின் பக்கத்தில் நின்று பூட்ஸ்களை ஜோடி சேர்த்தாள்.

பதினொன்றே முக்காலுக்கு ஒரு பெண் வந்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று இருக்கும். குள்ளம். முதியோர் இல்லத்தின் சீருடை மேல் மழைக்கோட்டு. பேர் அக்னே, லிதுவேனியாவிலிருந்து வந்து எட்டு மாதம் என்று அவளே சொன்னாள். ஒரு கையில் பச்சைப் பை, மறு கையில் எழுபத்தைந்து லிட்டர் கறுப்புப் பை ஒன்று.

"மன்னிக்கவும். எனக்கு மலை தெரியாது. வேலையில எல்லாரும் திங்கட்கிழமை கேட்கிறாங்க, எந்த மலை போனே, எந்த மலை போனே. நான் ஒவ்வொரு திங்கட்கிழமையும் சும்மா இருக்கிறேன். இப்போ போகணும். ரெண்டு நாள், மூணு நாள். இதில் எது நல்லது?"

ஹல்வர் கடிகாரத்தைப் பார்த்தான். பதினைந்து நிமிடம். கறுப்பு என்று ஒரு சொல் சொன்னால் போதும். பெரியது, உறுதியானது, விலையும் குறைவு. அந்தச் சொல் தொண்டைவரை வந்தது.

வெளியே வரவில்லை. பச்சை என்ற சொல்லும் வரவில்லை. அவன் ஒரு பூட்ஸின் கயிற்றை அவிழ்த்துக் கட்டினான்.

"கறுப்பு வேண்டாங்க" என்றாள் தீரில்.

"ஏன்? பெரிசு. நிறைய வைக்கலாம்."

"அதான் பிரச்சனை. இடம் இருந்தா வைப்பீங்க. வச்சா தூக்கணும். கொஞ்சம் திரும்பி நில்லுங்க." அளவு நாடாவை எடுத்தாள். "நாப்பத்திரண்டு. கறுப்பு அம்பது, உங்களுக்கு இடுப்பைத் தாண்டித் தொங்கும். இதை மாட்டுங்க. இல்ல, தோளை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல இடுப்பு. எலும்பு மேலே. இன்னும் இறுக்குங்க, மூச்சு விட முடியுதா? சரி. இப்போ தோள்."

டம்பெல்லை உள்ளே வைத்தாள். அக்னே நடந்தாள். மறு சுவர்வரை போனாள். திரும்பி வரும்போது முகம் மாறியிருந்தது.

"பாரம் எங்கே போச்சு?"

"இடுப்புல இருக்கு. உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு இது." தீரில் நெஞ்சு வாரைப் பூட்டிவிட்டாள்.

"உன் கை ரொம்பச் சில்லுனு இருக்கு" என்றாள் அக்னே.

"மழையில வாசிச்சோம்ல. அடியில மழை உறை இருக்கு, மறந்துடாதீங்க."

அக்னே முந்நூறைக் கொடுத்தாள். பையைக் கழற்றாமல், அப்படியே மாட்டிக்கொண்டு, வாஃபிள் வரிசையில் போய் நின்றாள். அங்கே யாரோ எந்த மலைக்கு என்று கேட்பது கேட்டது.

ஹல்வருக்குக் காது இரண்டும் சூடாயின. நெஞ்சில் ஏதோ ஒன்று இடம் கேட்டுத் தள்ளியது. வலி என்று முதலில் நினைத்தான். ஒன்றரை வருடமாக அங்கே வேறு எதுவும் வந்ததில்லை. வலி இல்லை. அவனுக்கு நிமிர்ந்து நிற்க வேண்டும் போலவும், கூடத்தில் இருக்கும் அத்தனை பேரும் இந்தப் பக்கம் பார்க்க வேண்டும் போலவும் இருந்தது.

சீக்ரி பக்கத்தில் வந்து நின்றாள். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

"யாரு பொண்ணு மாப்ளே இது?"

"என் பொண்ணு" என்றான். தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. பூட்ஸ் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பினார்கள்.

தீரில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்து ரொட்டி தின்றாள். அழுதாள். தின்றுகொண்டே அழுதாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"பெரிய மனுஷி மாதிரி செஞ்சேல்ல" என்றான்.

"செஞ்சேன். ஆனா எனக்குப் போகணும்ப்பா."

"தெரியும்."

"ரொம்பப் போகணும்."

"தெரியும்மா."

அவன் தன் பொட்டலத்திலிருந்த பழுப்புச் சீஸ் துண்டையும் அவளுக்குக் கொடுத்தான். வேறு என்ன கொடுப்பது என்று தெரியவில்லை.

*

இரண்டு மணிக்கு மேசை கிட்டத்தட்டக் காலி. விற்காதது மூன்று: அடிக்கட்டை உடைந்த பனிச்சறுக்கு வண்டி, ஜிப் கிழிந்த நீலப் பை, அலுமினியச் சட்டத்தில் கட்டிய ஓர் ஆரஞ்சுப் பை. ஆரஞ்சு என்றால் கண் கூசும் ஆரஞ்சு. ஐம்பது வருடப் பழசு. மூடியில் கறுப்பு மையில் ரைதார் என்று எழுதியிருந்தது. காலையிலிருந்து அதைத் தூக்கிப் பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டு வைத்தார்கள்.

தீரில் சிரிக்கவில்லை. சட்டத்தின் மேல் நாடாவை வைத்தாள். மறுபடியும் வைத்தாள்.

"அப்பா. நாப்பத்தொண்ணு."

"என்ன?"

"நாப்பத்தொண்ணு. ரைதார் சின்னப் பையனா இருந்திருக்கான்."

மாட்டினாள். முகம் சுளித்தாள். "இடுப்புல வெறும் நாடாதான் இருக்கு. அறுக்குது."

ஹல்வர் நீலப் பையைப் பார்த்தான். ஜிப்தான் போயிருந்தது. இடுப்புப் பட்டை தடிமனாக, முழுசாக இருந்தது. அவன் எழுந்தான். கருவிகள் மேசைக்குப் போய் ஒரு கத்தி, ஒரு திருப்புளி, இரண்டு போல்ட், நான்கு வாஷர் பொறுக்கினான். நீலப் பட்டையை அறுத்தெடுத்தான். ஆரஞ்சுச் சட்டத்தின் அடிக்குழாயில் ஏற்கெனவே துளை இருந்தது. போல்ட் போட்டு முடுக்கினான். இழுத்துப் பார்த்தான். தன் எடையையே போட்டுத் தொங்கினான். அசையவில்லை.

வேலை செய்யும்போது விசில் அடித்திருக்கிறான். சீக்ரி சொன்ன பிறகுதான் தெரிந்தது.

தீரில் டம்பெல் போட்டு நடந்தாள். போனாள், வந்தாள். பச்சைப் பை மாதிரி இல்லை. சட்டம் கிறீச் என்றது. ஆனால் தோள் வாருக்கு அடியில் இரண்டு விரல் தாராளமாகப் போயிற்று.

"ஏன்டி, லைஃப் ஜாக்கெட் நடந்து வர்ற மாதிரி இருக்கு" என்றாள் சீக்ரி.

"மூடுபனியில யாரும் என்னைத் தொலைக்க முடியாதுல்ல பெரியம்மா?"

நீலப் பையும் போல்ட்டும் சேர்த்து ஐம்பது குரோனர். மணி பன்னிரண்டைத் தாண்டி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. தீரில் தன் காசில் வாங்கினாள். விலைச் சீட்டைக் கிழிக்காமல் வைத்துக்கொண்டாள்.

சந்தை மூடும்போது மலைநடைத் தலைவர் கௌதே மேசைக்கு வந்தார். தாடி, பேச்சு குறைவு. தீரிலின் முதுகில் பையைத் தூக்கினார், அசைத்தார், போல்ட்டைத் தட்டிப் பார்த்தார்.

"இதை யாரு போட்டது?"

"எங்கப்பா."

"ம். திங்கட்கிழமை நீ வர வேண்டாம். உன் பை பாஸ்." கொஞ்சம் நின்றார். "ஆனா நடை நடக்குமான்னே இப்ப தெரியல. கூட வர்றதா இருந்த அம்மா ஒருத்தருக்கு முழங்கால் போச்சு. அஞ்சு பிள்ளைக்கு ஒரு பெரியவர் வேணும். நான் ஒருத்தன்தான் இருக்கேன். கேட்டுக்கிட்டிருக்கேன்."

சட்டைப் பையிலிருந்து பட்டியலை எடுத்துக் காட்டினார். பெரியவர்கள் என்ற தலைப்பில் ஒரு வரி காலி. தீரில் பேனாவைக் கேட்டு வாங்கினாள். எழுதினாள். காகிதம் கௌதேவிடம் திரும்பியபோது ஹல்வர் அதில் தன் பெயரைத் தலைகீழாகப் படித்தான். புதன்கிழமை அவனுக்கு அலுவலகம் இருந்தது. பூட்ஸ் இல்லை, பை இல்லை. வாழ்நாளில் ஒரு மலையும் ஏறியதில்லை.

அதன் பிறகு நடந்ததைச் சீக்ரி தபால் வண்டியில் வைத்து ஊர் முழுக்க வேறு மாதிரி விநியோகித்தாள். 'எங்கப்பாவை விட நம்பிக்கையான ஆளு இந்தப் பள்ளத்தாக்குலயே கிடையாது' என்று பெண் முழங்கியதாகவும், கௌதேவின் தாடியே நனைந்துவிட்டதாகவும் சொன்னாள்.

ஹல்வர் பக்கத்தில்தான் நின்றான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. தீரில் பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். அவனுக்குப் பின்னால் போனாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி நின்றாள். அவன் பின்கழுத்து எலும்பில் விரலை வைத்து நாடாவைக் கீழே விட்டாள். அவள் சொன்னது இதுதான்:

"அம்பத்திரண்டு. நேரா நில்லுப்பா, இன்னும் இருக்கு."